இமய வரையாட்டைத் தேடி ஐந்து நாட்கள்: தீர்த்தன் பள்ளத்தாக்கின் ஒரு நடைப்பயணச் சேவை

மூணாற்றில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வரையாடு அபூர்வமான விலங்கு அன்று. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்தில் ஏறிச் சென்றால், தார்ச்சாலையின் ஓரத்திலேயே அது நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும். என் தந்தை எஸ்டேட் வேலையில் இருந்த காலத்தில், தேயிலைக் காட்டுக்கு மேலே உள்ள பாறைச் சரிவில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதை தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் இருந்தே பார்த்திருக்கிறோம். அப்படிப் பார்த்து வளர்ந்ததால்தான், இமயத்தில் வாழும் இன்னொரு வரையாட்டையும் அதன் சொந்த மலையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. கடந்த மே மாதம் நானும் என் மனைவியும், பத்தாம் வகுப்பு முடித்த மகளும், எஸ்டேட்டில் என்னுடன் வேலை பார்க்கும் நண்பரும் இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் உள்ள கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குச் சென்று, குஷைனி என்னும் ஊரைச் சேர்ந்த உள்ளூர் வழிகாட்டிகளின் ஏற்பாட்டில் ஐந்து நாட்கள் நடந்து திரும்பினோம். அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நம் பக்கத்தில் இருந்து அங்கே போக நினைப்பவர்கள் இனிப் பலர் இருப்பார்கள் என்பதால், நல்லதையும் குறையையும் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பூங்கா 1984-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 1999-இல் சட்டப்படி முழுமையான தேசியப் பூங்காவானது. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. தேசியப் பூங்கா மட்டும் 754 சதுர கிலோமீட்டர். நம் இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஓரளவு மனத்தில் பதியும். உள்ளே வண்டிச் சாலை கிடையாது. பேருந்தும் ஜீப்பும் இல்லை. காலால் நடந்தே போக வேண்டும், போகிற ஒவ்வொருவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். எனவே இங்கே வழிகாட்டி என்பவர் வசதிக்காக வைத்துக்கொள்ளும் ஆள் அல்லர். அவர் சரியில்லை என்றால் பயணமே சரியில்லை.

அந்த வழிகாட்டிகளைச் சென்றடைவதற்கு முன் ஒரு கசப்பான அனுபவம் எங்களுக்கு நேர்ந்தது. வடக்கே ஒரு பெருநகரத்தில் இருந்துகொண்டு இணையத்தில் விளம்பரம் செய்யும் முகவர் ஒருவரிடம் முதலில் முன்பணம் கட்டினோம். பனிச்சிறுத்தையை நிச்சயமாகக் காட்டுவோம் என்பது அவருடைய விளம்பரத்தின் முதல் வரி. பனிச்சிறுத்தை அந்தப் பூங்காவில் உண்டு என்பது உண்மையே. ஆனால் மே மாதத்தில், மரங்கள் முடியும் எல்லைக்குக் கீழே நடக்கிறவர்களுக்கு அதை நிச்சயமாகக் காட்டுவதாக ஒருவர் சொன்னால், அவருக்கு அந்த மலை தெரியாது என்றுதான் பொருள். இதை நான் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. பிறகு தேதியை மாற்றினார். நாங்கள் விலகிக்கொண்டபோது முன்பணத்தில் பாதியை மட்டும் ஆறு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். அதன் பிறகுதான், நேராகக் குஷைனிக்குத் தொலைபேசியில் பேசி உள்ளூர்க்காரர்களிடமே ஏற்பாடு செய்துகொண்டோம். அவர்களிடம் என் மகள் பள்ளியில் படித்த இந்தியில் கேட்ட முதல் கேள்வி, என்னென்ன பார்க்க முடியும் என்பது. வந்த பதில்: "காடு பார்க்கலாம். மற்றது எதுவும் எங்கள் கையில் இல்லை." அப்போதே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எர்ணாகுளத்தில் ரயில் ஏறிச் சண்டிகர் சென்று, அங்கிருந்து மணாலி சாலையில் ஔட் வரை பேருந்தில் போய், நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி பன்ஜார் வழியாகக் குஷைனியை அடைந்தோம். வழிகாட்டியும் சமையல்காரரும் மூன்று போர்ட்டர்களும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை வழிகாட்டி எங்கள் நால்வரின் காலணிகளையும் வாங்கிப் பார்த்தார். என் நண்பரின் புதிய காலணி கடையில் விலை கொடுத்து வாங்கியதுதான் என்றாலும் அதன் அடிப்பாகம் வழுக்கும் என்று சொல்லி, ஊரில் ஒருவரிடம் இருந்த பழைய காலணியை வாங்கித் தந்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஈரமான பாறையில் ஏறும்போதுதான் அந்தக் கவனத்தின் மதிப்பு எங்களுக்குத் தெரிந்தது.

முதல் நாள் நடை தீர்த்தன் ஆற்றை ஒட்டியே ரோலா என்னும் முகாம் வரை செல்கிறது. 10 கிலோமீட்டருக்கு அருகில் இருக்கும், ஏற்றம் அதிகமில்லை. தேவதாரு, ஓக், காட்டுச் செஸ்ட்நட் மரங்களின் நிழலில் பாதை போகிறது. மேலே செல்லச் செல்ல நம் காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான்) அதே இனம், அதே சிவப்புப் பூக்களோடு நிற்பதைப் பார்த்து என் மனைவி அதைத் தொட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். தீர்த்தன் ஆற்றில் அணை இல்லை. நீர்மின் திட்டங்கள் வந்தபோது பள்ளத்தாக்கு மக்கள் எதிர்த்து நின்று அவற்றை நிறுத்திவிட்டார்கள். பள்ளிவாசல் மின் நிலையம், மாட்டுப்பெட்டி அணை, குண்டளை அணை என்று இவற்றுக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகிய எங்களுக்கு, மலையாற்றின் இரைச்சல் ஓரிடத்திலும் அடங்காமல் கூடவே வருவது புதிய அனுபவமாக இருந்தது. அதில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட் மீன்கள் இருக்கின்றன. நம் ராஜமலை ஓடைகளில் விட்டதும் டிரவுட்தான், ஆனால் வேறு வகை.

வழிகாட்டியின் திறமை இரண்டாம் நாள்தான் முழுதாக வெளிப்பட்டது. ரோலா ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த முகாமான ஷில்ட் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதாவது தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நாங்கள் அன்று இரவு படுத்த இடம் அதைவிட உயரம். மலையில் பிறந்தவர்கள்தானே, நமக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மூணாறு நகரம் 1,600 மீட்டர் அளவில் இருக்கிறது. அந்தப் பழக்கம் 3,000 மீட்டரில் உதவாது என்பதை நம் பக்கத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷில்ட்டை அடைந்த ஒரு மணி நேரத்தில் என் மகளுக்குத் தலைவலி தொடங்கியது. சாப்பாடு வேண்டாம் என்றாள். வழிகாட்டி அவளை உட்காரவைத்துப் பெயரையும் ஊரையும் கேட்டார், நேர்க்கோட்டில் பத்து அடி நடந்து காட்டச் சொன்னார், அரை மணிக்கு ஒருமுறை வந்து பார்த்தார். வெந்நீரும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் சிறிது சிறிதாகக் கொடுக்கச் செய்தார். அதைவிட முக்கியமாக, இரவு ஒன்பது மணிக்குள் வலி குறையவில்லை என்றால் விளக்கை எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, இரண்டு போர்ட்டர்களை காலணியைக் கழற்றாமல் தயாராக இருக்கச் சொன்னார். எட்டரை மணிக்கு அவள் பசிக்கிறது என்றாள். பெற்றோர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக விஷயத்தைச் சிறிதாக்கிப் பேசாமல், என்ன ஆகலாம், என்ன செய்வோம் என்று முன்பே சொன்ன அந்த நேர்மைக்காகவே இந்தச் சேவையை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்தது. கூடாரத்துக்கு மேற்கே, மூங்கில் புதரும் ஃபிர் மரங்களும் அடர்ந்த சரிவில் இருந்து, தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டி கத்துவதைப் போல நீண்டு இழுக்கும் ஒரு குரல் வந்தது. சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் அதே குரல். வரையாட்டுக் குட்டி என்றே நினைத்து எழுந்து வெளியே வந்தேன். வழிகாட்டி ஏற்கெனவே ஒரு கட்டையின்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஜுஜுராணா" என்று மெல்லச் சொன்னார். மேற்கத்திய டிராகோபன் என்னும் அந்தக் காட்டுக்கோழி வகைப் பறவைதான் இமாச்சலத்தின் மாநிலப் பறவை. உலகத்திலேயே மேற்கு இமயத்தின் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வாழ்கிறது. ஜுஜுராணா என்றால் பறவைகளின் அரசன் என்று பொருளாம். எல்லாப் பறவைகளும் ஆளுக்கு ஓர் இறகு கொடுத்து இறைவன் அதைச் செய்தான் என்பது அந்த ஊர்க் கதை. நாங்கள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று என் நண்பர் சைகையில் கேட்டதற்கு, அது கூடு கட்டும் காலம், போகக் கூடாது என்று தலையை அசைத்துவிட்டார். இருபது நிமிடம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்தபின், மோனல் என்னும் இமயத்துக் காட்டுக்கோழி வகையின் சேவல் ஒன்று எங்கள் தலைக்கு மேலே சீழ்க்கையடித்தபடி சரிவை நோக்கிப் பறந்து இறங்கியது. செம்பும் பச்சையும் நீலமுமாக அதன் முதுகு ஒரு கணம் வெயிலில் பட்டது.

அன்றுதான் ரக்குண்டி என்னும் முகட்டுக்கு ஏறினோம். மகளும் வந்தாள், ஆனால் அவளுடைய வேகத்துக்கே எல்லோரும் நடக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் கட்டளை. மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்து, எதிரே உள்ள செங்குத்தான பாறை முகத்தை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, பைனாகுலரால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னார். அவசரப்பட்டு இங்கும் அங்கும் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார். மூடுபனி வந்தது, விலகியது, மறுபடியும் மூடியது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நண்பரின் பொறுமை தீரும் நேரத்தில், பாறையின் நிறத்திலேயே இருந்த ஒரு மேடு தலையைத் திருப்பியது.

முதலில் ஒன்று, பிறகு ஐந்து, எண்ணி முடிக்கும்போது பதினொன்று. பெரும்பாலும் பெண் ஆடுகள். சற்று விலகி ஓர் ஆண். அதன் கழுத்திலும் தோளிலும் இருந்து முழங்கால் வரை தொங்கிய நீண்ட மயிர், நம் மலைச் சரிவுகளில் வளரும் போதைப்புல் காய்ந்து காற்றில் சாய்வதைப் போலச் சாய்ந்து எழுந்தது. கொம்பு குட்டை, பின்னோக்கி வளைந்தது. நம் வரையாட்டின் நடையை அறிந்தவனுக்கு அந்த நடையில் வேறுபாடே தெரியாது: முன்காலை வைத்து, ஒரு நொடி நின்று, கல்லின் உறுதியைச் சோதித்துவிட்டுத்தான் உடலின் எடையை மாற்றியது. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஆழமான ஒரு பள்ளம். இன்னும் சற்று நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று நான் கேட்டேன். குட்டி ஈனும் மாதம் இது, அவை நம்மைப் பார்த்து நகர்ந்தால் மோசமான பாறைக்குப் போகும் என்று மறுத்துவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது எங்களுக்குத் தெரியாத விஷயமும் அன்று. இதே காரணத்துக்காகத்தானே இரவிகுளத்தை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடிவைக்கிறார்கள்.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய விலங்கியல் நூல்களில் நம் வரையாடும் இமயத்து வரையாடும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2005-இல் வெளியான மரபணு ஆய்வு அவற்றைப் பிரித்துவிட்டது: இமயத்து விலங்கு வெள்ளாட்டு இனத்துக்கு நெருக்கம், நம்முடையது செம்மறியாட்டு இனத்துக்கு நெருக்கம். உருவத்திலும் நடையிலும் இவ்வளவு ஒற்றுமை, ஒரே மாதிரியான பாறையில் வாழ்ந்ததால் வந்ததே. பகல் உணவின்போது இதை மகளின் உதவியோடு வழிகாட்டியிடம் விளக்கி, ராஜமலையில் எடுத்த வரையாட்டின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு குட்டை மயிரை வைத்துக்கொண்டு குளிரை எப்படித் தாங்குகிறது என்று கேட்டார். எங்கள் ஊரில் பனி விழாது, மழைதான் என்றேன். பிறகு, படத்தின் ஓரத்தில் தெரிந்த பேருந்தையும் மனிதர்களையும் காட்டி, இவ்வளவு அருகில் எப்படி நிற்கிறது என்று கேட்டார். அதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராஜமலை ஆடுகள் மனிதர்களுக்குப் பழகியது பாதுகாப்பு நன்றாக இருப்பதால்தான். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனாலும் ஆட்டின் கழுத்தில் கை போட்டுப் படமெடுக்க முயல்பவர்களை வாட்சர்கள் விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்துக்கு அப்பால் நின்ற பதினோரு ஆடுகளும் எங்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தச் சேவையில் நாம் காசு கொடுத்துப் பெறுவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உணவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெற்கத்தியர் என்பதால் இரண்டு வேளை சோறு. ராஜ்மா, பருப்பு, மலைக்கீரை. ஒருநாள் சித்து என்னும் பண்டம் செய்தார்கள். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் அக்ரூட் பருப்பை அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்து, பிய்த்து நெய்யில் தோய்த்துத் தின்பது. நம் கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம். நாங்கள் கொண்டுபோன எஸ்டேட் தேயிலைத் தூளைச் சமையல்காரரிடம் கொடுத்தோம். கடைசி நாள் மீதமிருந்ததை அவர் தம் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குறைகள் உண்டு, அவற்றில் இரண்டு சிறியவை அல்ல. அவர்கள் தந்த ஸ்லீப்பிங் பேக் ஷில்ட்டின் குளிருக்குப் போதவில்லை. எங்களுடைய கம்பளிகளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டும் என் மனைவி இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. நான்கில் ஒன்று ஈரம் காயாமலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைவிடக் கவலை தந்தது முதலுதவிப் பெட்டி. கட்டுத்துணியும் காய்ச்சல் மாத்திரையும் இருந்தன. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சிறிய கருவி இல்லை. ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றுகிறவர்கள், கைபேசித் தொடர்பே இல்லாத காட்டில், அதை வைத்திருக்கத்தான் வேண்டும். என் மகளை வழிகாட்டியின் அனுபவம் காப்பாற்றியது. எல்லா வழிகாட்டிக்கும் அந்த அனுபவம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதை அவரிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார். மரக்கட்டைகளைப் போட்ட ஓடைப் பாலம் ஒன்றில் பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாததையும் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டணம், அனுமதிச் சீட்டு தவிர மற்ற எல்லாம் சேர்த்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,800 ரூபாய் ஆனது. முகவர் கேட்டது இதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. நாங்கள் கொடுத்த பணம் அந்த ஊரிலேயே பிரிந்தது என்பதும் எனக்கு நிறைவாக இருந்தது. பூங்கா முழுமையாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தும் மூலிகையும் குச்சி என்னும் காளானும் எடுத்தும் வந்த ஊர்க்காரர்கள் உள்ளே போகும் உரிமையை இழந்தார்கள். எங்கள் போர்ட்டர்களில் மூத்தவர் சிறுவனாக இருந்தபோது அதே புல்வெளியில் ஆடு மேய்த்தவர். எந்தப் பாறையில் எப்போது ஆடு வரும் என்பதை வழிகாட்டிகூட அவரிடம்தான் கேட்டார். தேக்கடியிலும் இப்படித்தான் நடந்தது. பெரியார் காட்டில் வயணப் பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டாக உரித்து விற்றவர்களை 1990-களில் வனத்துறை அழைத்துச் சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கி, காட்டுக் காவலுக்கும் பார்வையாளர்களை அழைத்துச் செல்வதற்கும் அமர்த்தியது. குமுளிப் பக்கத்தில் அவர்களோடு நடந்தவர்களுக்கு, குஷைனிக்காரர்கள் காட்டைப் பார்க்கும் பார்வை உடனே பிடிபடும்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், மழை ஓய்ந்த பின் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரையும் போகலாம். பறவைக் குரல் கேட்க வேண்டும் என்றால் மே மாதம்தான். சொந்தமாக நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் பைனாகுலரும் கொண்டுபோவது நல்லது. ஐந்து நாட்களை நான்காகச் சுருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முடிந்தால் ரோலாவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். இந்த வழிகாட்டிகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பன்ஜாரை அடுத்த சாய் ரோப்பாவில் உள்ள பூங்காவின் சுற்றுலா மையத்தில் கேட்டால் குஷைனி ஆட்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளலாம். பகலில் அவர்கள் தொடர்பு கிடைக்காத மலையில் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல், இந்தி பேசத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.